சாப்பிட ஒரு இடம், பேச ஒரு இடம்: மதுரையில் இருவராக வெளியே சாப்பிடுவது பற்றிக் கேள்வி பதில்

கல்யாணமான மூன்றாம் மாதத்திலிருந்து வியாழக்கிழமை சாயங்காலம் நானும் வீட்டுக்காரரும் வெளியேதான் சாப்பிடுகிறோம். 19 வருஷமாகிறது. அரசரடியில் மாமனார், மாமியார், நாத்தனார் குடும்பம் எல்லோரும் சேர்ந்திருந்த சின்ன வீடு எங்களுடையது. இரண்டு பேரும் மனசுவிட்டுப் பேச வேண்டுமென்றால் தெருவுக்குத்தான் வர வேண்டும். அப்படித் தொடங்கிய பழக்கம், வீடு பெரிதான பிறகும் நிற்கவில்லை. எங்கே போகலாம், என்ன சாப்பிடலாம் என்று வந்த கேள்விகளுக்கு நாங்கள் போய்ச் சாப்பிட்ட அனுபவத்தை வைத்துப் பதில் சொல்கிறேன்.

திருநகரிலிருந்து, புதிதாகத் திருமணமானவர்: அக்கா, போன ஞாயிறு மனைவியைப் பேர்போன மெஸ் ஒன்றுக்குக் கூட்டிப்போனேன். எதிர் நாற்காலியில் முன்பின் தெரியாத இரண்டு பேரை உட்கார வைத்துவிட்டார்கள். எங்களால் ஒரு வார்த்தை பேச முடியவில்லை. கால் மணி நேரத்தில் எழுந்து வந்துவிட்டோம். வேறு எங்கே போவது?

கடையைக் குறை சொல்ல முடியாது தம்பி. மெஸ் என்பது சாப்பிட்டு எழுகிற இடம். நான்கு பேர் மேஜையில் நீங்கள் இரண்டு பேர் இருந்தால் மீதி இரண்டு இடமும் நிரம்பும். நாம் இலையை மடிப்பதற்கு முன்பே அடுத்தவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்பார். நல்ல கறியும் நல்ல குழம்பும் மதுரையில் பெரும்பாலும் இந்த மாதிரி இடங்களில்தான் கிடைக்கும். உட்கார்ந்து பேச வசதியான இடத்தில் சாப்பாடு சுமாராக இருக்கும். இரண்டையும் ஒரே இடத்தில் தேடித்தான் நாங்களும் முதல் வருஷம் முழுக்க ஏமாந்தோம்.

அதற்கப்புறம் சாப்பிட ஒரு இடம், பேச ஒரு இடம் என்று பிரித்துக்கொண்டோம். உங்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். சாயங்காலம் ஏழு மணிக்குச் சிம்மக்கல் கோனார் கடைக்குப் போங்கள். கறி தோசை ஒன்று சொல்லுங்கள். அடியில் தடிமனான தோசை, அதன் மேல் முட்டை, அதற்கும் மேல் கொத்துக்கறி மசாலா. திருப்பிப் போட்டதும் கறி நேராகக் கல்லில் பட்டு முறுகும். அந்த வாசனை வாசலுக்கே வரும். ஒன்றை இரண்டாகப் பிட்டுக்கொண்டாலே பாதி வயிறு நிறைந்துவிடும். பேச்சே வேண்டாம், ருசித்துச் சாப்பிடுங்கள்.

பிறகு அங்கிருந்து தெற்கே நடந்தால் சித்திரை வீதி. கோயிலைச் சுற்றியுள்ள அந்த நான்கு வீதிகளிலும் வண்டிகளை விடுவதில்லை. ஹாரன் சத்தம் இல்லாமல் பக்கத்துப் பக்கத்தில் நடந்து பேச இந்த ஊரில் அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. இருவர் எதிரெதிரே உட்கார்ந்து பேசுவதைவிட ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு நடக்கும்போது சில விஷயங்கள் சுலபமாக வாய்க்கு வரும். முதல் குழந்தை கலைந்த செய்தியை நான் அவரிடம் முழுசாகப் பேசியது மேலச் சித்திரை வீதியில்தான்.

சைவமாகச் சாப்பிட்டுவிட்டுப் போகிற நாளில் கோயிலுக்குள்ளேயே இருந்து பள்ளியறை பூஜை பார்த்துவிட்டு வாருங்கள். தினமும் ராத்திரி சொக்கரைப் பல்லக்கில் வைத்து மீனாட்சியின் பள்ளியறைக்குக் கொண்டுபோவார்கள். நாள் முழுக்க ஊருக்கு ஆயிரம் வேலை பார்த்த சாமியே ராத்திரி மனைவியிடம் போய்ச் சேருகிறார் என்று என் மாமியார் சொல்வார்.

கே.கே. நகரிலிருந்து: வருகிற மாதம் பத்தாவது திருமண நாள். செலவைப் பற்றிக் கவலையில்லை. ஒரு நாள் ராஜா ராணி மாதிரி இருக்க வேண்டும் என்று ஆசை.

இரண்டு இடம். ஒன்று பசுமலை மேலே இருக்கிற தாஜ் குழுமத்து ஹோட்டல். இன்னொன்று கோச்சடையில் ஹெரிடேஜ் மதுரை.

பசுமலைக்குப் போவதென்றால் ஐந்தரை மணிக்கே போய்விடுங்கள். வெளிச்சம் இருக்கும்போதே மேலே இருந்து ஊரைப் பார்க்க வேண்டும். தூரத்தில் நான்கு கோபுரங்களையும் அவரவர் கண்ணால் தேடிக் கண்டுபிடிப்பதே ஒரு சந்தோஷம். இருட்டிய பிறகு போனால் கீழே வெறும் விளக்குப் புள்ளிகள்தான்.

கோச்சடை இடம் முன்பு மில் கம்பெனிக்காரர்களின் கிளப். இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா 1970களின் தொடக்கத்தில் கட்டிக் கொடுத்தது. கோயில் தெப்பக்குளம் மாதிரியே படி வைத்த நீச்சல் குளம், பெரிய பெரிய மரங்கள், கல் தூண்கள். சாப்பாட்டுக்காக என்பதைவிட அந்த மரத்தடிக்காகவும் கட்டடத்துக்காகவும் போகலாம். எங்கள் பத்தாவது வருஷத்துக்கு நாங்கள் போனது அங்கேதான். அவர் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு வந்தார். நான் சின்னாளப்பட்டிச் சுங்குடி. பட்டுச் சேலையைவிட அதுதான் எனக்குப் பிடிக்கும்.

ஒரே ஒரு யோசனை. அங்கே சூப்பும் ஏதாவது ஒன்றிரண்டும் சாப்பிட்டு நிதானமாகப் பேசிவிட்டு, ராத்திரிச் சாப்பாட்டை ஊருக்குள் வந்து சாப்பிடுங்கள். பெரிய ஹோட்டலின் கோழி வறுவல் நம் நாக்குக்குச் சப்பென்று இருக்கும்.

நாகமலை புதுக்கோட்டையிலிருந்து: நான் சுத்த சைவம், அவர் கறி இல்லாமல் சாப்பிட மாட்டார். காதல் திருமணம். ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவர் விட்டுக்கொடுக்கிறோம்.

விட்டுக்கொடுப்பது கணக்காக ஏறிக்கொண்டே போகும்மா, அதை நிறுத்துங்கள். ஒரே மேஜையில் உட்கார வேண்டும் என்பதையே விட்டுவிடலாம். அவர் ஆறரைக்குப் போய்ப் பரோட்டா சால்னாவை முடித்துக்கொள்ளட்டும். ஏழரைக்கு நீங்கள் இருவரும் மேலப் பெருமாள் மேஸ்திரி வீதியில் சுப்ரீம் ஹோட்டல் மொட்டை மாடிக்குப் போங்கள். சைவ உணவகம். கோபுரங்கள் தெரியும், காற்று வரும். நீங்கள் டிபன் சாப்பிடும்போது அவர் காபி குடித்துக்கொண்டு துணைக்கு இருக்கட்டும். எல்லா மேஜையிலிருந்தும் கோபுரம் தெரியாது. போனவுடனே கைப்பிடிச் சுவர் ஓரத்து மேஜையைக் கேட்டு வாங்குங்கள்.

என் வீட்டுக்காரரும் வெள்ளி, சனி, அமாவாசை, புரட்டாசி முழுக்கக் கறி தொட மாட்டார். எங்கள் நாள் வியாழனாக அமைந்ததற்கு அதுதான் காரணம்.

வில்லாபுரத்திலிருந்து: நாங்கள் இருவரும் மாதச் சம்பளம். இருபதாம் தேதிக்கு மேல் கையில் காசு நிற்காது. அந்த வாரங்களில் என்ன செய்வது?

என் பழைய கதையைக் கேட்ட மாதிரி இருக்கிறது. காசில்லாத வாரங்களில்தான் நாங்கள் நன்றாகச் சுற்றியிருக்கிறோம்.

தெப்பக்குளத்துக்குப் போங்கள். 1645ல் திருமலை நாயக்கர் வெட்டியது. வைகைத் தண்ணீர் வாய்க்கால் வழியாக வந்து நிறைந்திருக்கும் நாட்களில் மைய மண்டபத்தின் நிழல் தண்ணீரில் அசைவதைப் பார்த்துக்கொண்டே சுற்றுச்சுவர் ஓரமாக உட்கார்ந்திருக்கலாம். யாரும் எழுந்திருக்கச் சொல்ல மாட்டார்கள். சாயங்காலமானால் தள்ளுவண்டிகள் வந்துவிடும்.

சாப்பிட பன் பரோட்டா. பார்க்கச் சின்னதாக, தடியாக, பன் மாதிரி உப்பியிருக்கும். ஓரம் மொறுமொறுவென்றும் உள்ளே பஞ்சு மாதிரியும் இருக்கும். ஆளுக்கு இரண்டு போதும். பிய்த்துப் போட்ட பிறகு சால்னாவை ஊற்றி ஒரு நிமிஷம் ஊறவிடுங்கள், அவசரப்படாதீர்கள்.

இனிப்புக்கு விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா. அங்கே ஃபேமஸ் ஜிகர்தண்டா கடை 1977லிருந்து இருக்கிறது. பாதாம் பிசின், சுண்டக் காய்ச்சிய பால், நன்னாரி சர்பத், மேலே அவர்களே செய்கிற ஐஸ்கிரீம். எல்லா ஊரிலும் இப்போது அந்தப் பெயரைப் போட்டு விற்கிறார்கள். சுண்டின பாலின் அந்த நிறம் வேறு எங்கேயும் எனக்குக் கிடைக்கவில்லை. நின்றுகொண்டேதான் குடிக்க வேண்டும். ஒரு டம்ளர் வாங்கி இருவரும் குடியுங்கள், திகட்டாது.

மழைக்காலமென்றால் ஜிகர்தண்டாவுக்குப் பதில் பருத்திப்பால். பருத்திக் கொட்டையை ஊறவைத்து ஆட்டிப் பிழிந்த பாலில் அரிசி மாவும் வெல்லமும் சுக்கும் ஏலக்காயும் சேர்த்துக் காய்ச்சியது. சூடாக இறங்கும்போது நெஞ்சுக்கு இதமாக இருக்கும்.

தனியார் மருத்துவமனைச் செவிலியர்: எனக்கு டியூட்டி முடிய ராத்திரி பதினொன்றாகும். அவர் வந்து கூட்டிப்போவார். அந்த நேரத்துக்கு என்ன இருக்கும்?

தூங்கா நகரத்தில் இருந்துகொண்டு இதைக் கேட்கலாமா! பெரியார் பேருந்து நிலையத்தைச் சுற்றியும் மாசி வீதிகளிலும் இட்லிக் கடைகளில் ஆவி பறக்கும். இலையில் பூப்போல இட்லி, மூன்று நான்கு சட்னி. களைத்து வருகிற உடம்புக்கு அந்த நேரத்தில் கறி வேண்டாம். முருகன் இட்லி கடை இன்று சென்னை, சிங்கப்பூர் வரை போயிருந்தாலும் பிறந்தது இந்த ஊரில்தான். பெயர் பலகையே இல்லாத கடைகளிலும் அதே மாதிரி மென்மையான இட்லி கிடைக்கும். ஈடு இறக்குகிற நேரம் பார்த்து உட்காருங்கள். உங்களைக் கூட்டிப்போக அந்நேரம் வந்து நிற்கிறாரே, அந்த மனுஷருக்கு ஒரு நெய்ப் பொடி இட்லி கூடுதலாக வாங்கிக் கொடுங்கள்.

பெயர் சொல்ல விரும்பாதவர்: சாப்பிடும்போது கணவர் போனையே பார்க்கிறார்.

கையால் பிசைந்து சாப்பிடுகிற இடத்துக்குக் கூட்டிப்போங்கள். நண்டு மசாலா வாங்கிக் கொடுங்கள். இரண்டு கையும் அதில்தான் இருக்கும்.

செல்லூரிலிருந்து, 64 வயது: அம்மா, எனக்கும் வீட்டுக்காரிக்கும் சர்க்கரை. பிள்ளைகள் வெளிநாட்டில். வெளியே போகவே யோசனையாக இருக்கிறது.

ஐயா, நீங்கள் இருவரும் அவசியம் போக வேண்டும். ராத்திரியைவிடப் பகல் உங்களுக்கு நல்லது. பன்னிரண்டே காலுக்குள் போய்விட்டால் எந்த மெஸ்ஸிலும் கூட்டமிருக்காது, குழம்பும் அப்போதுதான் இறங்கியிருக்கும். தல்லாகுளம் அம்மா மெஸ்ஸில் அயிரை மீன் குழம்பு கேளுங்கள். விரல் நீளம்கூட இல்லாத மீன். முள் எடுக்கிற வேலையில்லை, பல் தொந்தரவு இருந்தாலும் சாப்பிடலாம். சோறு அரை அளவு போதுமென்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், பரிமாறுகிறவர்கள் வற்புறுத்துவது பாசத்தில்தான். அங்கே நண்டு ஆம்லெட்டும் பேர்போனது. ஒன்று வாங்கி இருவரும் பகிர்ந்துகொள்ளுங்கள்.

அல்வாவை மட்டும் பார்க்காமல் வந்துவிடுங்கள். ரயில் நிலையம் பக்கம் போனால் பிரேம விலாஸ் வாசனை இழுக்கும், அந்த வழியே வேண்டாம்.

பிள்ளைகளுக்கு அங்கிருந்தே ஒரு போட்டோ அனுப்புங்கள். என் அப்பாவும் அம்மாவும் அப்படி ஒருநாளும் இருவராகச் சாப்பிடப் போனதில்லை. அம்மா போன பிறகு அப்பா அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்.

ஒத்தக்கடையிலிருந்து: குழந்தைக்கு மூன்று வயது. விட்டுவிட்டுப் போகவும் மனசில்லை, கூட்டிப்போனால் நிம்மதியாகச் சாப்பிட முடியவில்லை.

இரண்டு மணி நேரம் பாட்டியிடம் விட்டுப் போவது பாவமில்லை. விட ஆளில்லையென்றால் தெப்பக்குளம், இட்லிக் கடை, இரண்டும் போதும். மெஸ் பக்கம் இரண்டு வருஷத்துக்குப் போக வேண்டாம். அந்த நெரிசலில் சூடான குழம்பு வாளியோடு ஓடி வருகிறார்கள், எனக்கே பயமாக இருக்கும்.

கோவையிலிருந்து: மனைவிக்குத் திருமங்கலம் பக்கம் சொந்த ஊர். முனியாண்டி விலாஸ் பிறந்ததே அங்கேதான் என்கிறாள். உண்மையா? அங்கே சாப்பிட முடியுமா?

உண்மைதான். வடக்கம்பட்டி என்ற கிராமம். ஊர் ஊராகப் போய் முனியாண்டி விலாஸ் நடத்துகிறவர்களின் குலதெய்வம் அந்த ஊர் முனியாண்டி. தை மாதம் திருவிழாவுக்கு எல்லோரும் திரும்பி வந்து கிடா வெட்டிப் பிரியாணி செய்வார்கள். பிரசாதமே பிரியாணிதான். வருகிறவர்கள் எல்லோருக்கும் கொடுப்பார்கள். விடிகிற நேரத்தில் வரிசையில் நின்று தூக்குவாளியில் வாங்கி வந்து, வயல் வரப்பில் உட்கார்ந்து இருவரும் சாப்பிட்டோம். பனி இறங்கிக்கொண்டிருந்தது, சோற்றிலிருந்து ஆவி ஏறிக்கொண்டிருந்தது. இத்தனை வருஷத்தில் எந்தச் சாப்பாடு நினைவிருக்கிறது என்று யாராவது கேட்டால் அதைத்தான் சொல்வேன். மனைவியின் ஊர் பக்கத்திலேயே என்றால் தை வரும்வரை காத்திருங்கள், கட்டாயம் போங்கள்.

அண்ணாநகரிலிருந்து: இந்த வியாழன் நீங்கள் எங்கே?

ஐப்பசி மழை விடாமல் பெய்கிறது. எட்டு மணிக்கு இட்லி, அப்புறம் கீழமாசி வீதி முனையில் பருத்திப்பால். மகளுக்குக் கல்லூரி விடுதி பார்க்க வேண்டும், பணத்துக்கு என்ன வழி என்று பேச வேண்டியிருக்கிறது. மழை விட்டால் சித்திரை வீதியில் ஒரு சுற்று. விடாவிட்டால் குடை இருக்கிறது.