சோனி மினிடிஸ்க் பிளேயர் இப்ப வாங்கலாமா? அதோட சாஃப்ட்வேர் எப்படி இருக்கு, வச்சிருக்கறவங்க சொல்லுங்களேன்

மினிடிஸ்க்குங்கறது பிளாஸ்டிக் கூட்டுக்குள்ள இருக்கற சின்ன டிஸ்க், அதுல பாட்டு கேக்கலாம், பதியவும் செய்யலாம். பாட்டு கேக்கறதுக்கு மட்டும்னா வாங்காதீங்க, கையில இருக்கற போனே போதும். ரெக்கார்ட் பண்ணணும், இல்ல டிஸ்க்கை மாத்தி மாத்தி போட்டுக் கேக்கற ஆசை இருக்குன்னா தாராளமா வாங்குங்க, ஆனா அதோட வர்ற சோனிக்ஸ்டேஜ்ங்கற கம்ப்யூட்டர் சாஃப்ட்வேர் சிடியை மட்டும் டப்பாவுலயே விட்டுடுங்க. எம்இசட்-என்707 வாங்கலாமா எம்இசட்-என்எச்700 வாங்கலாமான்னும் கேட்டிருக்கீங்க, ரெண்டும் எங்கிட்ட இருக்குங்க, அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன்.

நான் இருக்கறது சேலம் அஸ்தம்பட்டி, வேலை ஏற்காட்டுல ஒரு காபி எஸ்டேட் ஆபீஸ்ல. என்707 சிங்கப்பூர்ல இருந்த சித்தப்பா கொண்டாந்து குடுத்தது, என்எச்700 பின்னாடி நானே செகண்ட்ஸ்ல வாங்கினேன். ஏற்காடு ரோட்டுல 20 கொண்டை ஊசி வளைவு இருக்குன்னு உங்களுக்கே தெரியும், பஸ்ல பின் சீட்டுல உக்காந்து போனா என்ன ஆட்டம் ஆடும்னும் தெரியும். அந்தக் காலத்துல சிடி வாக்மேன் வச்சிருந்தவங்க அடிவாரம் தாண்டினதுமே ஆஃப் பண்ணி பைக்குள்ள வச்சுடுவாங்க, ஏன்னா நாலு வளைவுக்குள்ள பாட்டு தாவ ஆரம்பிச்சுடும். மினிடிஸ்க் மேல போய் சேர்ற வரைக்கும் பாடிட்டே இருக்கும். அதுக்குக் காரணம் மாயமெல்லாம் இல்ல, பாட்டை அட்ராக்னு ஒரு முறையில 292 கேபிபிஎஸ்ஸுக்கு சுருக்கி வச்சிருக்கு, டிஸ்க்குல இருந்து படிக்கற வேகம் அதை விட நிறைய ஜாஸ்தி, அதனால கொஞ்ச நேரம் சுத்தி மெமரியை ரொப்பிட்டு மோட்டார் நின்னுடும். ராத்திரி ரூம்ல சத்தமில்லாம இருக்கறப்ப காதுகிட்ட வச்சா கேக்கும், சுத்தும், நிக்கும், மறுபடி சுத்தும். பேட்டரி நிறைய நேரம் நிக்கறதும் இதனாலதான்.

டிஸ்க்கு 64 மில்லிமீட்டர்தான், பிளாஸ்டிக் கூட்டுக்குள்ள பத்திரமா இருக்கு. ஏற்காடு மாதிரி மழையும் பனியும் இருக்கற ஊர்ல இது பெரிய விஷயங்க, எங்க ஆபீஸ் அலமாரியில இருந்த கேசட்டெல்லாம் பூஞ்சை புடிச்சு போச்சு, அதே அலமாரியில இருந்த மினிடிஸ்க் ஒண்ணு கூட கெடல.

ஒருதடவ என்707ஐ சேலம் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் ரேடியோ ரிப்பேர் பண்ற ஒரு பெரியவர்கிட்ட எடுத்துட்டுப் போனேன். மூடியைத் திறந்து பாத்துட்டு, "ஏன் தம்பி, இதுல லென்ஸும் இருக்குது, ஹெட்டும் இருக்குதுங்களே, இது சிடியா கேசட்டா?"ன்னாரு. ரெண்டும்தானுங்கன்னேன். உண்மையிலயே அப்படித்தான். எழுதும்போது கீழ இருந்து லேசர் ஒரு புள்ளியை சூடு பண்ணும், சூடான அந்த இடத்துல மட்டும் மேல இருக்கற ஹெட் காந்தத்தால எழுதும். பாடும்போது லேசர் மட்டும்தான் வேலை செய்யும், ஹெட்டுக்கு வேலையே இல்ல. இதை ஞாபகம் வச்சுக்கங்க, வாங்கறப்ப உதவும்.

எனக்கு இந்த மெஷின்ல ரொம்பப் புடிச்சது எடிட்டிங். ஒரு மணி நேரம் விடாம ரெக்கார்ட் பண்ணிட்டு, அப்புறம் திண்ணையில உக்காந்துட்டு கம்ப்யூட்டரே இல்லாம, வேண்டிய இடத்துல வெட்டலாம், வேண்டாததை அழிக்கலாம், ரெண்டு துண்டை ஒட்டலாம், அஞ்சாவது டிராக்கை முதல்ல கொண்டாந்து வைக்கலாம். டிஸ்க்குல சத்தம் இருந்த இடத்துலயே இருக்கும், எது எங்க ஆரம்பிக்குது எங்க முடியுதுங்கற அட்டவணை மட்டும் மாறும், அதான் அவ்வளவு வேகம். 1992ல வந்த சாதனம் இது. பேர் மட்டும் தமிழ்ல வைக்க முடியாது, டிஸ்ப்ளேல இங்கிலீஷ் எழுத்தும் ஜப்பான் எழுத்தும்தான் வரும், அம்மாயி பாட்டுன்னு இங்கிலீஷ் எழுத்துல அடிச்சு வச்சுக்கணும்.

சரி, சாஃப்ட்வேருக்கு வர்றேன், நீங்க கேட்டதே அதான்.

முதல் ஒன்பது வருஷம் இதுக்கு சாஃப்ட்வேரே இல்ல, வயரைக் குத்தி பாட்டு ஓடற நேரத்துக்கு உக்காந்து ரெக்கார்ட் பண்ணுவாங்க. யாருக்கும் ஒரு கஷ்டமும் இல்ல. 2001ல நெட்எம்டின்னு யூஎஸ்பி வச்ச மெஷின் வந்துச்சு (என்707 இந்த வகை), கூடவே ஓபன்எம்ஜி ஜூக்பாக்ஸ், அப்புறம் சோனிக்ஸ்டேஜ். உங்க எம்பி3யை அப்படியே டிஸ்க்குக்கு அனுப்பாது, அட்ராக்கா மாத்தித்தான் அனுப்பும், ஏற்கனவே சுருக்கினதை மறுபடி சுருக்கினா சத்தம் என்ன ஆகும்னு சொல்ல வேண்டியதில்ல. அதோட செக்-அவுட்னு ஒரு கணக்கு. ஒரு பாட்டை மூணு தடவைதான் டிஸ்க்குக்கு அனுப்பலாம், நாலாவது டிஸ்க்குக்கு வேணும்னா முதல்ல அனுப்பினதுல ஒண்ணை கம்ப்யூட்டர்ல குத்தி செக்-இன் பண்ணி திருப்பிக் குடுக்கணும். நம்ம காசு குடுத்து வாங்கின சிடில இருந்து எடுத்த பாட்டுக்கே இந்தக் கணக்கு. சேலத்துல ரெக்கார்டிங் சென்டர்ல பேப்பர்ல பாட்டு லிஸ்ட் எழுதிக் குடுத்து கேசட்ல பதிஞ்சு வாங்கி வளந்தவங்களுக்கு இது எப்படி இருக்கும், வாங்கின கேசட்டை யாருக்குக் குடுத்தோம்னு கடைக்காரர்கிட்ட போய் கணக்கு சொல்ற மாதிரிதான் இருக்கும்.

அதை விடக் கொடுமை, சாஃப்ட்வேர் சேத்து வைக்கற ஃபைலுக்குப் பூட்டு போட்டிருக்கும், அந்தக் கம்ப்யூட்டர்ல மட்டும்தான் திறக்கும். பேக்கப்புக்கு தனியா ஒரு டூல் உண்டு, அதை விட்டுட்டு சும்மா ஃபைலை காப்பி பண்ணி வச்சுட்டு விண்டோஸை ஃபார்மேட் அடிச்சா ஃபைல் இருக்கும், பாடாது. இதெல்லாம் கூடப் பரவால்லைங்க. நெட்எம்டி மெஷின்ல நீங்களே மைக்கோ வயரோ போட்டு ரெக்கார்ட் பண்ணினதை யூஎஸ்பி வழியா கம்ப்யூட்டருக்கு எடுக்கவே முடியாதபடி வச்சிருந்தாங்க. உங்க வீட்டுக் கல்யாண நாதஸ்வரமா இருந்தாலும் சரி, உங்க குரலாவே இருந்தாலும் சரி. வயர் இருக்கு, போர்ட் இருக்கு, பாதை ஒரு பக்கம்தான். ஒரே கம்பெனி பாட்டும் விக்குது, பாட்டு பதியற மெஷினும் விக்குதுன்னா எந்தக் கை எந்தக் கையைப் புடிச்சு இழுத்துச்சுன்னு நீங்களே யோசிச்சுக்கங்க. அதே 2001 அக்டோபர்ல ஆப்பிள்காரங்க ஐபாடை அறிவிச்சாங்க. அதுக்கப்புறம் நடந்தது ஊருக்கே தெரியும்.

2004ல மினிடிஸ்க்கோட அடுத்த தலைமுறையா ஹை-எம்டி (என்எச்700 இந்த வகை) வந்தப்ப மெஷின் பக்கம் நிஜமாவே கலக்கிட்டாங்க. 1 ஜிபி டிஸ்க்கு, பழைய 80 நிமிஷ டிஸ்க்கைக் கூட ஃபார்மேட் பண்ணி 305 எம்பி ஆக்கிக்கலாம், பென் டிரைவ் மாதிரி ஃபைலும் போட்டு வைக்கலாம், சுருக்கவே சுருக்காம சிடி தரத்துல 1 ஜிபியில 94 நிமிஷம் ரெக்கார்ட் பண்ணலாம். ரெக்கார்ட் பண்ணினதை கம்ப்யூட்டருக்கும் எடுக்கலாம். ஆனா அங்கயும் ஆரம்பத்துல ஒரே ஒரு தடவைதான் எடுக்க விட்டாங்க, பூட்டெல்லாம் ஒவ்வொண்ணா கழண்டு சோனிக்ஸ்டேஜ் 3.4 வந்தப்பதான் கொஞ்சம் மூச்சு விட முடிஞ்சுது. எம்பி3யை மாத்தாம அப்படியே பாடற மெஷின் 2005லதான். கடைசி மாடல் ஆர்எச்1 2006ல, 2011ல மினிடிஸ்க் வாக்மேனைக் கடைக்கு அனுப்பறதையே நிறுத்திட்டாங்க. நல்ல சாஃப்ட்வேர் முதல் நாள்லயே இருந்திருந்தா ஐபாடை ஜெயிச்சிருக்கும்னெல்லாம் நான் சொல்ல மாட்டேன், ஆனா ரெக்கார்டரா இன்னும் பல வருஷம் நின்னிருக்கும்னு எனக்குத் தோணுது.

இப்ப நல்ல செய்தி. சோனிக்ஸ்டேஜ் இப்ப தேவையே இல்லைங்க. வெப் மினிடிஸ்க் ப்ரோன்னு ஒண்ணு இருக்கு, ஆர்வலர்கள் எழுதி இலவசமா விட்டது, குரோம்ல ஒரு பக்கத்தைத் திறந்து மெஷினைக் குத்தி கனெக்ட் குடுத்தா போதும், இன்ஸ்டால் பண்ற வேலையே கிடையாது. எம்பி3யோ ஃபிளாக்கோ இழுத்துப் போட்டா அதுவே மாத்தி அனுப்பிடும், டைட்டில் எழுதலாம், வரிசை மாத்தலாம், செக்-அவுட் கணக்கு எதுவும் இல்ல. நெட்எம்டி மெஷினுக்கு எஸ்பிங்கற சாதாரண 292 கேபிபிஎஸ் முறையில அனுப்பினா சுருக்கற வேலையை மெஷினே பண்ணிக்கும், சத்தம் நல்லா இருக்கும், ஆனா மெதுவாத்தான் போகும், குத்திவிட்டுட்டு வேற வேலை பாக்கலாம். எல்பி2ங்கறது ஒரே டிஸ்க்குல ரெண்டு மடங்கு நேரம் பதியற முறை, 132 கேபிபிஎஸ், அதுவும் எண்பதுகள் பாட்டுக்கு எனக்குக் குறையாத் தெரியல. நாலு மடங்கு நேரம் பதியற எல்பி4ஐ பேச்சுக்கு மட்டும் வச்சுக்கங்க, பாட்டுக்கு வேண்டாம், தபேலா சத்தம் தகர டப்பா ஆயிடும்.

விண்டோஸ்ல ஒரு சின்ன இடைஞ்சல், ஸாடிக்னு ஒரு டூலை வச்சு மெஷினுக்கு வின்யூஎஸ்பி டிரைவரைப் போடணும், ஒருதடவ போட்டா போதும். லினக்ஸ்ல அது கூட வேண்டாம், பர்மிஷன் மட்டும் சரி பண்ணிக்கணும். குரோம் வகையறா பிரவுசர்லதான் ஓடும், ஃபயர்பாக்ஸ்ல முயற்சி பண்ணி நேரத்தை வீணாக்காதீங்க.

இதுல எனக்குப் பெரிய விஷயம் என்னன்னா, அந்த ஒருவழிப் பாதையையும் உடைச்சுட்டாங்க. மெஷினுக்குள்ளயே ஓடற சாஃப்ட்வேர்ல (ஃபர்ம்வேர்) இருக்கற ஓட்டையைப் புடிச்சு, சோனி நெட்எம்டி மெஷின்ல இருந்தே பழைய ரெக்கார்டிங்கை கம்ப்யூட்டருக்கு எடுக்க வழி பண்ணியிருக்காங்க. முன்னாடி இதுக்கு ஆர்எச்1 ஒண்ணுதான் வழி, அது இன்னிக்கும் தங்கம் விலைக்குப் போகுது, அதோட சின்ன டிஸ்ப்ளே மங்கிப் போறது வேற ஊரறிஞ்ச வியாதி. எங்க அம்மாயி பாடின தாலாட்டும் ஒப்பாரியும் என்707ல பதிஞ்சது, போன வருஷம் அதையெல்லாம் இப்படித்தான் எடுத்து மாமா பொண்ணுங்க போனுக்கெல்லாம் அனுப்பினேன்.

ரெக்கார்டிங் பத்தி கொஞ்சம். என்எச்700ல மைக் சாக்கெட் இருக்கு, லைன், ஆப்டிகலும் இருக்கு. மே மாசம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு மேல எடுத்துட்டுப் போவேன், மேளம் பக்கத்துல நின்னா மைக் சென்சிட்டிவிட்டியை லோவுல வைக்கணும், இல்லன்னா சத்தம் கிழியும். ஆட்டோ லெவல்ல விட்டீங்கன்னா மேளம் நின்னதும் கூட்டத்தோட பேச்சைத் தூக்கிக் குடுக்கும், மறுபடி அடிச்சா அமுக்கும், கேக்க சகிக்காது. மேனுவல் வைக்கலாம், ஆனா ஒவ்வொரு தடவை ஸ்டாப் பண்ணும்போதும் அது ஆட்டோவுக்கே திரும்பிடும், மறுபடி ரெக்கார்டை பாஸ்ல வச்சு மெனுவுக்குள்ள போய் மாத்தணும். எவன் யோசிச்சானோ தெரியல. அதனால நான் ஸ்டாப்பே பண்றதில்ல, ஓட விட்டுட்டு அப்புறம் வெட்டிக்கறேன். ஸ்டாப் பண்ணினதும் டேட்டா சேவ், சிஸ்டம் ஃபைல் ரைட்டிங்னு காட்டும், அது முடியற வரைக்கும் மெஷினை ஆட்டக் கூடாது, பேட்டரியைக் கழட்டக் கூடாது, அந்த அட்டவணை எழுதலைன்னா பதிஞ்சது அத்தனையும் போச்சு.

ரெண்டுல எது வாங்கறதுன்னா என்எச்700. சாதாரண பென்சில் பேட்டரி ஒண்ணு போட்டா ஓடும், ரீசார்ஜ் பேட்டரியும் போடலாம், சேலத்துல எந்தக் கடையிலயும் கிடைக்கும்.  என்எச்700 பாடி பிளாஸ்டிக், பாக்க சுமார்தான், எம்பி3 நேரா பாடாது, அது ரெண்டும் எனக்குக் குறையா படல. டிஸ்க் விஷயத்துல, சோனி 2025 பிப்ரவரியோட புது டிஸ்க் தயாரிப்பை நிறுத்திடுச்சு, ஆனா இது திரும்பத் திரும்ப எழுதற டிஸ்க், ஜப்பான்ல இருந்து வர்ற பழைய 74, 80 நிமிஷ டிஸ்க்கே தாராளமாப் போதும். 1 ஜிபி டிஸ்க்குக்கு அலையாதீங்க, விலை கட்டுபடியாகாது.

இங்க சேலத்துல லோக்கலா கிடைக்கும்னு எதிர்பாக்காதீங்க, ஆன்லைன்ல வெளிநாட்டு செகண்ட்ஸ்தான். கஸ்டம்ஸ் வரியையும் சேத்துக் கணக்கு போட்டுக்கங்க. விக்கறவர் "நல்லா பாடுது"ன்னு மட்டும் சொன்னா நம்பாதீங்க, மேல சொன்னேனே, பாடறதுக்கு ஹெட்டே தேவையில்ல, அது உடைஞ்சிருந்தாலும் பாடும். எனக்கு வந்த ஒரு மெஷின் அப்படித்தான் வந்துச்சு, அருமையாப் பாடுச்சு, ஒரு எழுத்து எழுதல. ஒரு நிமிஷம் ரெக்கார்ட் பண்ணி, ஸ்டாப் பண்ணி, டிஸ்க்கை வெளில எடுத்து திரும்பப் போட்டு அதையே ஓட விடற வீடியோ கேளுங்க. அனுப்ப மாட்டேன்னா விட்டுடுங்க, வேற மெஷின் வரும்.