தாத்தாவின் காசில் இரண்டு பேரன்கள்

கேள்வி: ஐயா, கரூரிலிருந்து தோட்டத்துக்கு வந்த என் தாத்தாவின் சுருக்குப் பையில் ஒரு வெள்ளிக்காசு கிடைத்தது. ஒரு பக்கம் தலை. மறுபக்கம் கேடயமும் ஈட்டியுமாக இரண்டு பேர். யார் இவர்கள்? படம் இணைத்துள்ளேன்.
- வாசகி, சுங்கை சிப்புட், மலேசியா

பதில்: படத்தைப் பார்த்த அன்றிரவு எனக்குத் தூக்கமே வரவில்லை, அம்மா. தலை ரோமப் பேரரசர் அகஸ்டஸுடையது. நிற்பவர்கள் அவருடைய மகள் ஜூலியாவின் பிள்ளைகள், காயுஸும் லூசியுஸும். தமக்குப் பின் இவர்கள் ஆள வேண்டுமென்று, கி.மு. 17-இல் பேரன்களையே மகன்களாகத் தத்தெடுத்தார். கேடயங்களுக்கு மேலே அகப்பையும் வளைந்த கோலும் தெரிகின்றனவா? பூசாரிப் பதவிகளின் சின்னங்கள் அவை. ஆனால் லூசியுஸ் கி.பி. 2-இலும் காயுஸ் கி.பி. 4-இலும் இறந்துபோனார்கள். பேரன்களை இழந்த அந்தக் கிழவரை நினைத்தால் இன்றும் என் மனம் கனக்கிறது.

ஆட்சி, அகஸ்டஸின் மனைவிக்கு முதல் மணத்தில் பிறந்த திபேரியுஸுக்குப் போனது. அவர் காசில் அமர்ந்திருக்கும் பெண்ணை அவருடைய தாய் லிவியா என்பார்கள். இவ்விரு வகையும் கொங்குநாட்டில் நிறையக் கிடைத்திருக்கின்றன. மிளகு போன்ற பொருள்களின் வணிகம் கொண்டுவந்த வெள்ளி.

அசல் காசு 4 கிராமுக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். பழங்காலத்திலேயே நம் நாட்டில் போலிகளும் செய்தார்கள். ஆகவே எடை மட்டும் போதாது, நேரில் காட்டுங்கள். புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். நான் தமிழ்ப்பள்ளியில் வேலை பார்த்தபோது, ஒரு மாணவி இதே காசில் துளையிட்டுக் கழுத்தில் மாட்டி வந்தாள். துளை சரியாகக் காயுஸின் முகத்தில் விழுந்திருந்தது.