48 வயதில் வேலையை விட்டு ஊருக்குத் திரும்பலாமா?

கேள்வி: எனக்கு 48 வயது. ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் 22 வருடமாக மெயின்டனன்ஸ் வேலை. கைக்கு 52,000 ரூபாய் வருகிறது, அதில் 11,000 வீட்டு வாடகை. நைட் ஷிப்ட் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை. பி.எஃப்.பில் 24 லட்சம், வங்கி டெபாசிட் 13 லட்சம், மியூச்சுவல் ஃபண்ட் 11 லட்சம் இருக்கிறது. கடன் இல்லை. பாலக்கோடு பக்கம் சொந்த வீடு, கிணற்றோடு 2 ஏக்கர், கொஞ்சம் மாமரம் உண்டு. மனைவிக்கு 44 வயது. மகள் பிளஸ் 1 படிக்கிறாள், அவள் கல்யாணத்துக்கு நகை சேர்த்தாகிவிட்டது. ஊரில் மாதம் 18,000 இருந்தால் போதும். போஸ்ட் ஆபீஸ் சீனியர் சிட்டிசன் திட்டத்தில் 30 லட்சம் போட்டால் மாதம் 20,000 வட்டி என்கிறார்கள். வருகிற தை மாதத்தோடு வேலையை விடலாமா?

பதில்: தை மாதம் வேண்டாம். 60 வயது வரை இப்படியே ஓடுங்கள் என்றும் சொல்லமாட்டேன்.

முதலில் அந்த 20,000. கணக்கு சரிதான்; 30 லட்சத்துக்கு 8.2% என்றால் மாதத்துக்கு 20,500 வருகிறது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை தருவார்கள். ஆனால் அந்தக் கணக்கைத் தொடங்க 60 வயது ஆகியிருக்க வேண்டும். பணி ஓய்வோ விருப்ப ஓய்வோ பெற்றவர்களுக்கு மட்டும் 55-லிருந்து அனுமதி. 48-ல் உங்களை உள்ளேயே விடமாட்டார்கள். உங்களுக்குத் திறந்திருப்பது போஸ்ட் ஆபீஸ் மாத வருமானத் திட்டம். கணவன் மனைவி கூட்டாக 15 லட்சம் வரை போடலாம், 7.4% வட்டியில் மாதம் 9,250 கிடைக்கும். அந்த ஐந்து வருடமும் அதே 9,250தான். மளிகைக் கடைக்காரர் அதே விலையில் இருக்கமாட்டார்.

விலைவாசி வருடம் 6% ஏறினால் இன்றைய 18,000 பன்னிரண்டு வருடத்தில் 36,000 ஆகிவிடும். உங்கள் 48 லட்சத்தில் மகளின் கல்லூரிக்கு 10 லட்சம் ஒதுக்குங்கள். இன்றைக்கு நர்சிங்கோ இன்ஜினியரிங்கோ, விடுதியோடு சேர்த்தால் அது பெரிய தொகை இல்லை. மிச்சம் 38 லட்சம். அது சராசரியாக 7% சம்பாதிக்கிறது என்று வைத்துக்கொண்டால், உங்களுக்கு 67 வயதாகும்போது பணம் தீர்ந்துவிடும். அப்போது உங்கள் மனைவிக்கு 63. அவர் 85 வரை இருந்தால் மீதி 22 வருடத்துக்கு யார் பொறுப்பு? வருடச் செலவைப் போல 25 மடங்கு சேர்த்தால் போதும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிற சூத்திரமும் அமெரிக்கச் சந்தையை வைத்து 30 வருட ஓய்வுக்குப் போட்டது. உங்களிடம் இருப்பது 18 மடங்கு, வீட்டில் தேவைப்படுவதோ 40 வருடம்.

தோட்டம் இருக்கிறது என்கிறீர்கள். இருக்கட்டும், விற்காதீர்கள். ஆனால் அதைச் சம்பளமாக எண்ணாதீர்கள். பாலக்கோடு, ராயக்கோட்டை மார்க்கெட்டுகளில் தக்காளி படும் பாடு உங்களுக்கே தெரியும். 2023 ஜூலையில் கிலோ நூறைத் தாண்டியது. வேறு மாதங்களில் பறிகூலிக்குக் கட்டாமல் செடியிலேயே விட்டுவிடுகிறார்கள். 2025 சீசனில் பெங்களூரா மாங்காய் விலை எப்படி விழுந்தது என்று பக்கத்துத் தோட்டக்காரரைக் கேளுங்கள். கிணறு வற்றி போர் போட வேண்டி வந்தால் லட்சங்களில் போகும், தண்ணீர் வரும் என்பதற்கும் உத்தரவாதமில்லை. வீட்டுக்கு ராகி, அவரை, கீரை, ஒரு மாட்டின் பால் என்று செலவைக் குறைக்க அந்த 2 ஏக்கர் நன்றாக உதவும். நீங்கள் சொன்ன 18,000-மே அதை நம்பித்தான் இருக்கிறது. இன்னொரு முறை வரவிலும் எழுதினால் ஒரே வைக்கோலை இரண்டு மாட்டுக்குப் போட்ட கதைதான்.

அடுத்து ஆஸ்பத்திரி. வேலையை விட்டதும் கம்பெனியின் குரூப் இன்சூரன்ஸ் நின்றுவிடும். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்துக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருக்க வேண்டும். உங்கள் வட்டியே அதைத் தாண்டும். அதனால் சர்க்கரை, பிரஷர் எதுவும் வருவதற்கு முன், வேலையில் இருக்கும்போதே மூவருக்கும் தனி பாலிசி எடுங்கள். இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

பி.எஃப். பென்ஷன் சிறிய தொகையாகத்தான் வரும், விலைவாசியோடு ஏறாது. 50 வயதிலேயே வாங்கலாம் என்று யாராவது சொல்வார்கள். 58-க்கு முன் வாங்கும் ஒவ்வொரு வருடத்துக்கும் 4% வெட்டு, அதுவும் ஆயுளுக்கும். தொடாதீர்கள்.

உங்கள் கடிதத்தில் எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். நீங்கள் வேலையை வெறுத்ததாகத் தெரியவில்லை. நைட் ஷிப்டும் ஓசூர் வாடகையும்தான் உங்களைத் துரத்துகின்றன. 22 வருட மெயின்டனன்ஸ் அனுபவத்துக்கு தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் மில், குளிர்பதனக் கிடங்கு, மாங்கூழ் தொழிற்சாலை, கல்லூரி வளாகம் என்று எங்காவது பகல் வேலை கிடைக்கும். 28,000 கிடைத்தாலும் ஊர்ச் செலவு 18,000 போக மாதம் 10,000 மிஞ்சும். சேமிப்பில் கை வைக்கத் தேவையில்லை. அப்படி 56 வரை ஓட்டினால், கல்லூரிச் செலவு போக, இன்றைய மதிப்பில் ஏறக்குறைய 49 லட்சம் நிற்கும். அது 80 வயதைத் தாண்டி வரும், 58-லிருந்து பென்ஷன், 60-லிருந்து சீனியர் சிட்டிசன் திட்டம் வேறு. ஓசூரிலேயே, பி.எஃப். சேர்த்து மாதம் 20,000 சேமித்தபடி 53 வரை இருந்துவிட்டு முழுதாக நிற்பது இன்னொரு வழி. பணம் ஏறக்குறைய அதே வயது வரைதான் வரும். நான் முதல் வழியைத்தான் சொல்வேன், உங்கள் தூக்கம் திரும்பும் என்பதற்காக.

மியூச்சுவல் ஃபண்டை எந்த வழியிலும் 60 வரை அசைக்காதீர்கள். விலைவாசியை அதிகம் முந்த வாய்ப்புள்ளது உங்களிடம் அதுதான். கல்லூரிக்கான 10 லட்சம் வங்கி டெபாசிட்டிலேயே இருக்கட்டும். புது வேலையில் சேர்ந்தால் பி.எஃப். கணக்கை முடிக்காமல் அங்கே மாற்றிக்கொள்ளுங்கள். வேலைக்கான கடிதம் கைக்கு வந்த பிறகு ராஜினாமா எழுதுங்கள்.