கைப்பழக்கம்: வாசகர் கேள்விகளுக்குப் பிசியோதெரபிஸ்ட் பதில்

கோத்தகிரியில் 22 ஆண்டுகளாகப் பிசியோதெரபி செய்துவருகிறேன். அம்மா கொழுந்து பறித்துத்தான் என்னைப் படிக்கவைத்தார். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கையைப் பற்றியவை. அவற்றில் நான்கை எடுத்துக்கொண்டேன்.

கூடலூர் ஆசிரியை ஒருவர்: என் அம்மா தேயிலைத் தோட்டத்தில் பக்கத்து நிரைக்காரியோடு பேசிக்கொண்டே, பார்க்கக்கூடச் செய்யாமல் இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளிக் கூடையில் போடுவார். போன வருடம் கையில் கொழுந்து வெட்டும் கத்தரியைக் கொடுத்தார்கள். முதல் சில நாள் தடுமாறினார். இப்போது அதிலும் அதே வேகம். கைக்கு இது எப்படித் தெரிகிறது?

டீச்சர், உங்கள் கடிதத்தைப் படித்ததும் என் அம்மாவின் கட்டைவிரல் நகம்தான் கண்முன் வந்தது. ஓரமெல்லாம் கறுத்து, எந்தச் சோப்புக்கும் போகாத கறை.

அவர்கள் பார்க்காமல் பறிப்பதாக நமக்குத் தோன்றுகிறது. பக்கத்தில் நின்று கவனித்தால் வேறு விஷயம் தெரியும். விரல் ஒரு கொழுந்தை ஒடித்துக்கொண்டிருக்கும்போதே கண் அடுத்த கொழுந்துக்குப் போய்விட்டிருக்கும். தேநீர் போடுகிறவர்களின் கண் எங்கே போகிறது என்று இங்கிலாந்தில் மைக்கேல் லேண்டும் அவரோடு இருந்தவர்களும் ஆராய்ந்து 1999இல் எழுதினார்கள். கை வேலையைத் தொடங்குவதற்கு ஏறத்தாழ அரை நொடி முன்பே கண் அந்தப் பொருளின்மேல் இருக்கிறது. வேலை முடிவதற்குள் அடுத்ததற்குப் போய்விடுகிறது. உங்கள் அம்மாவின் கண் அங்கே தங்குவதில்லை, அவ்வளவுதான். மீதியை விரல்நுனி பார்த்துக்கொள்கிறது.

கை போகும் வழியிலும் ஒன்று நடக்கிறது. தோளும் முழங்கையும் கையைக் கொண்டுபோய்ச் சேர்க்கும்போதே விரல்கள் பொருளின் அளவுக்கு ஏற்ப விரிந்துகொள்கின்றன. பிரான்சின் லியோன் நகரத்தில் மார்க் ஜானரோ 1980களில் இதைப் படம் பிடித்து அளந்தார். எடுக்கப்போகும் பொருளைவிடக் கொஞ்சம் அதிகமாகவே விரல்கள் விரியும். பாதி தூரத்தைத் தாண்டியபின் அந்த விரிவு உச்சத்துக்கு வரும், அப்புறம் மூடிக்கொண்டே போய்த் தொடும். செல்போனில் ஸ்லோமோஷனில் எடுத்துப் பாருங்கள். ஒரு மிளகை எடுக்கப்போகிற கையும் ஒரு கேரட்டை எடுக்கப்போகிற கையும் வழியிலேயே வேறு வேறாக இருக்கும். தொட்டபிறகு முடிவு செய்யலாம் என்று கை காத்திருப்பதில்லை.

இந்தக் கணக்கைப் பெரும்பாலும் உச்சந்தலைக்குப் பின்பக்கம் இருக்கும் மூளைப் பகுதி போடுகிறது. இது என்ன பொருள் என்று நமக்குச் சொல்லும் பகுதி வேறு. 1991இல் மெல்வின் குடேலும் டேவிட் மில்னரும் எழுதிய ஒரு பெண்ணின் கதை இதற்குச் சாட்சி. கார்பன் மோனாக்சைடு வாயுவால் மூளை பாதிக்கப்பட்டவர். எதிரே இருக்கும் பிளவு நேராக இருக்கிறதா சாய்ந்திருக்கிறதா என்று கேட்டால் அவரால் சொல்ல முடியவில்லை. கையில் ஓர் அட்டையைக் கொடுத்து உள்ளே போடச் சொன்னால், கை சரியான சாய்வில் திரும்பிக்கொண்டு போட்டது. (மார்கழிக் குளிரில் அறையைச் சாத்திக்கொண்டு உள்ளே கரி அடுப்பு வைப்பவர்களுக்கு இங்கேயே சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். அதே வாயுதான்.)

கத்தரி விஷயத்துக்கு வருகிறேன். ஜப்பானில் அட்சுஷி இரிகி குழுவினர் 1996இல் குரங்குகளின் கையில் ஒரு சிறிய வாருகோலைக் கொடுத்துத் தீனியை இழுக்கப் பழக்கினார்கள். கையைச் சுற்றியுள்ள இடத்தைக் கவனிக்கிற நரம்பணுக்கள், பழகியபின் வாருகோலின் நுனி வரை கவனிக்கத் தொடங்கின. உங்கள் அம்மாவின் மூளையிலும் இப்படி ஏதோ நடந்திருக்கும் என்று நம்புகிறேன். முதல் சில நாள் அவர் தடுமாறியது வீண்போகவில்லை. ஒவ்வொரு பிசகையும் வைத்துத்தான் மூளை அடுத்த வெட்டைத் திருத்திக்கொண்டது.

குன்னூர் வாசகர், வயது 58: புதுக் கண்ணாடி போட்டதிலிருந்து டம்ளரை எடுக்கப் போனால் கை பக்கத்தில் போய் இடிக்கிறது. கண்ணாடி தப்பா, கை தப்பா?

பெரும்பாலும் இரண்டும் இல்லை. பொருள் இருக்கும் இடத்தைக் கண்ணாடி கொஞ்சம் நகர்த்திக் காட்டுகிறது, கை பழைய கணக்கிலேயே போகிறது. 19ஆம் நூற்றாண்டிலேயே ஜெர்மன் விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ், காட்சியை ஒரு பக்கமாக நகர்த்திக் காட்டும் பட்டகம் வைத்த கண்ணாடியைப் போட்டுச் சோதித்தார். முதலில் கை ஒரு பக்கமாகத் தவறுகிறது, சில முறை எட்டி எட்டித் தொட்டதும் சரியாகிவிடுகிறது. கண்ணாடியைக் கழற்றினால் இப்போது எதிர்ப்பக்கமாகத் தவறுகிறது! கை உண்மையிலேயே கற்றுக்கொண்டது என்பதற்கு இதைவிட நல்ல அத்தாட்சி எனக்குத் தெரியாது. பின்மண்டையில் கீழே இருக்கும் சிறுமூளை பாதிக்கப்பட்டவர்களுக்கு இந்தத் திருத்தம் சரியாக நடப்பதில்லை.

ஆகவே பழையதையும் புதியதையும் மாற்றி மாற்றிப் போடாதீர்கள். குன்னூர்ப் படிக்கட்டுகளில் மட்டும் கவனம். இரட்டைப் பார்வைக் கண்ணாடியாக இருந்தால் கீழ்ப்பாதி வழியாகப் படி மங்கலாகத்தான் தெரியும். தலையைக் குனிந்து மேல்பாதி வழியாகப் பாருங்கள், கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரத்துக்குப் பிறகும் கை தவறினாலோ, ஒரு நாள் திடீரென்று தவறத் தொடங்கினாலோ டாக்டரிடம் போக வேண்டும்.

ஊட்டி, காய்கறித் தோட்டக்காரர்: ஜனவரியில் உறைபனி விழுந்த காலையில் டீ டம்ளர் கையிலிருந்து நழுவுகிறது. மூட்டை தூக்கும் பலம் இருக்கிறது. அப்புறம் ஏன்?

பலம் போகவில்லை, செய்திதான் வரவில்லை. ஒரு வர்க்கியை உடையாமல் எடுக்கிறீர்களே, எவ்வளவு அழுத்த வேண்டும் என்று விரல்நுனித் தோல் நொடிக்கு நொடி சொல்லிக்கொண்டிருப்பதால்தான் அது முடிகிறது. ஸ்வீடனில் ரோலண்ட் யோஹான்சன் 1980களில் இதை அளந்தார். பொருள் லேசாக நழுவினால், நாம் உணர்வதற்குள், ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் பிடி இறுகிவிடுகிறது. விரல்நுனியை மரத்துப்போகச் செய்தால் இந்தத் திருத்தம் கெட்டுவிடும். குளிரும் அதைத்தான் செய்கிறது. கையை நன்றாகத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு டம்ளரைத் தொடுங்கள். வெயில் காலத்திலும் மரத்துப்போனால் சர்க்கரையைப் பரிசோதித்துவிடுங்கள்.

கோத்தகிரி அருகிலிருந்து ஒரு மருமகள்: மாமாவுக்குப் பக்கவாதம் வந்து எட்டு மாதம். வலது கை கொஞ்சம் அசைகிறது, விரலும் லேசாக நிமிர்கிறது. ஆனால் எல்லாவற்றுக்கும் இடது கையைத்தான் நீட்டுகிறார். சாப்பாடு நாங்கள் ஊட்டுகிறோம். வலது கையில் கொடுத்தால் தட்டிவிட்டுக் கோபப்படுகிறார்.

அம்மா, என் அப்பாவுக்கும் நாங்கள் ஊட்டித்தான் விட்டோம். நான் அப்போது பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். பாசத்தில் செய்தோம். அந்தக் கை மடியிலேயே கிடந்து இறுகிப்போனது. இப்படிச் செய்யாதீர்கள் என்று எங்களுக்குச் சொல்ல அன்று யாரும் இல்லை. அதனால் இதை நான் விரிவாகத்தான் எழுதுவேன்.

பக்கவாதம் வந்த கை முதல் வாரங்களில் நீட்டிப் பார்க்கும், தோற்கும். இடது கை உடனே ஜெயிக்கும். மூளை அதையும் பாடமாக எடுத்துக்கொள்கிறது. பிறகு வலது கைக்குக் கொஞ்சம் திறன் திரும்பி வந்தாலும் அதை யாரும் கூப்பிடுவதில்லை. அமெரிக்காவில் எட்வர்ட் டாப் இதைக் கண்டு, நல்ல கைக்கு உறை மாட்டிவைத்துப் பலவீனமான கையை வேலை வாங்கும் முறையைக் கொண்டுவந்தார். பக்கவாதம் வந்து 3 முதல் 9 மாதம் ஆன 222 பேரிடம் இதைச் செய்து பார்த்து 2006இல் முடிவை வெளியிட்டார்கள். இரண்டு வாரப் பயிற்சியில் கிடைத்த முன்னேற்றம் ஒரு வருடம் கழித்தும் நின்றது. மணிக்கட்டும் விரலும் ஓரளவாவது நிமிர்பவர்களுக்குத்தான் இது பொருந்தும். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் மாமாவுக்கு வாய்ப்பு இருக்கிறது. டாக்டரிடமும் பக்கத்திலுள்ள பிசியோதெரபிஸ்டிடமும் காட்டிவிட்டுத் தொடங்குங்கள். உறையை நீங்களாகவே மாட்டிவிட வேண்டாம், நடக்கும்போது விழுந்தால் ஊன்றக் கை வேண்டும்.

என்னிடம் வந்த ஒரு பெரியவரைச் சொல்கிறேன். மேசையில் ஒரு ப்ளம்ஸ் பழம் வைப்பேன். முதல் நாள் கை மூடியபடியே போய்ப் பழத்தைத் தள்ளிவிட்டது. தொட்டபிறகுதான் விரலைத் திறக்கப் பார்த்தார். பழம் உருண்டு கீழே விழும், நான் எடுத்து வைப்பேன், ஒரு நாளைக்கு அறுபது தடவை. அவருக்கும் கோபம் வந்தது, ஒரு நாள் அழுதுவிட்டார். பதினோராவது நாள், கை பழத்துக்கு நாலு விரற்கடை இருக்கும்போதே கட்டைவிரல் விலகியது. பழம் அன்றைக்கும் கைக்கு வரவில்லை. எனக்கு அது போதும். கை வழியிலேயே யோசிக்கத் தொடங்கிவிட்டது என்று அவர் மனைவியிடம் சொன்னேன்.

மாமா தட்டிவிடுவது உங்கள்மேல் உள்ள கோபம் அல்ல. தோற்பதை வீட்டார் எதிரில் காட்டக் கூச்சம். முதலில் சின்ன வெற்றியாகக் கொடுங்கள். ஊட்டுவதை ஒரேயடியாக நிறுத்த வேண்டாம், முதல் நாலு வாய் மட்டும் அவர் வலது கையால். தட்டுக்கு அடியில் ஈரத்துணி போட்டால் நகராது. பெரிய பொருளில் தொடங்குங்கள்: உருளைக்கிழங்கு, அப்புறம் ப்ளம்ஸ், அப்புறம் பட்டாணி. ஒரே பொருளை ஒரே இடத்தில் வைக்காமல் இடத்தை மாற்றிக்கொண்டே இருங்கள். அவர் கை போய்ச் சேரும்வரை உங்கள் கை குறுக்கே போகக் கூடாது. இதுதான் வீட்டில் எல்லோருக்கும் கஷ்டமான பயிற்சி.

டீ கொடுக்கும்போது எவர்சில்வர் டம்ளரில் பாதி ஊற்றுங்கள். நன்றாக ஆறியிருக்கட்டும்.