டயப்பர் பாதி காய்ந்திருக்கும்போதே ஏன் ஓரமாகக் கசிகிறது?

தண்டையார்பேட்டையில் என் அக்கா மகனுக்கும் இதே கதைதான். கசிந்த டயப்பர் ஒன்றைக் கத்தரித்துப் பார்த்தேன். முன்பக்கம் ஜவ்வரிசிக் கஞ்சி மாதிரி கெட்டியான ஜெல். பின்பக்கப் பஞ்சு உலர்ந்தே கிடந்தது.

அந்த ஜெல், சோடியம் பாலிஅக்ரிலேட் என்ற பொடி ஊறியது. வெறும் தண்ணீர் என்றால் தன் எடையைப் போல் சில நூறு மடங்கு குடிக்கும். சிறுநீரில் உப்பு இருப்பதால் சுமார் 30 முதல் 50 மடங்குதான். பொடி ஒரே இடத்தில் குவிந்திருந்தால் ஊதி, ஒன்றோடொன்று ஒட்டி, வழியை அடைத்துவிடும். அடுத்து வருவது எங்கே போகும்? ஓரமாகத்தான். அதனால்தான் மரக்கூழ்ப் பஞ்சைக் கலக்கிறார்கள், ஈரத்தை இழுத்துப் பரப்ப. பொடியை அள்ளிக் கொட்டினால் போதும் என்பது தப்புக் கணக்கு. அப்புறம், குழந்தை உட்காரும்போது அழுத்தத்தில் ஜெல் குடிக்கும் அளவு இன்னும் குறையும்.