நான்கு டிராக்டர்களும் ஒரு கொட்டகையும்

மதிப்பிற்குரிய ஐயா,

நான் கரும்புத் தோட்டப் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கரையோரம் உள்ள வெருலத்துக்கு அருகில் வசிக்கிறேன். பண்ணை ஏலங்களில் எடுத்த நான்கு பழைய டிராக்டர்கள் என் கொட்டகையில் நிற்கின்றன: சாம்பல் நிற ஃபெர்குசன் இரண்டு, ஃபோர்ட்சன் மேஜர் இ27என் ஒன்று, லான்ஸ் புல்டாக் ஒன்று. ஃபெர்குசன்களின் எண் தகடு ஒன்றில் டி.இ. என்றும் மற்றதில் டி.இ.டி. என்றும் தொடங்குகிறது. ஜூன் விடுமுறைக்குப் பேரன்கள் வரும்போது நான்கையும் ஒருசேரப் பிரித்துக் கழுவி வைத்துவிட்டு, பிறகு ஒவ்வொன்றாகப் பூட்டலாம் என்றிருக்கிறேன். தங்கள் கருத்தை எழுத வேண்டுகிறேன்.

— வெருலம் வாசகர்

அன்புள்ள ஐயா,

நான்கையும் ஒரே காலத்தில் புதுப்பிக்கத் தாராளமாக முனையலாம். ஒரே காலத்தில் பிரிக்க வேண்டாம் என்பதே என் கருத்து. பட்டறை அனுபவம் உள்ள தங்களுக்குத் தெரியாததில்லை என்றாலும் ஒன்றை நினைவூட்டுகிறேன். லாரிக்கு இருப்பதுபோல இந்த டிராக்டர்களுக்குத் தனிச் சட்டகம் கிடையாது. எஞ்சினும் கியர்பாக்ஸும் பின் அச்சுக் கூடும்தான் உடம்பு. ஃபெர்குசனிலோ ஃபோர்ட்சனிலோ எஞ்சினைக் கழற்றிய கணமே வண்டி இரண்டு துண்டாகிவிடும்; அதன்பின் கட்டைகளின் மேல் நிற்குமே தவிர, தள்ளி ஓரமாக நிறுத்த முடியாது. நான்கும் அப்படி நின்றால் கொட்டகையில் ஆள் நடக்க வழியிருக்காது. ஜூன், ஜூலையில் நம் கரையோரம் வறண்டிருக்கும். அக்டோபரில் மழை தொடங்கியதும், உப்புக் காற்றும் ஈரமும் சேர்ந்து, கழுவி எண்ணெய் போக்கிய இரும்பின் மேல் ஒரே இரவில் துரு படர்ந்துவிடும். மூடிய எஞ்சினுக்குள் பழைய எண்ணெயின் காப்பில் இருக்கும் பாகங்களைக் கழுவித் திறந்த பெட்டியில் போடுவது அவற்றுக்குச் செய்யும் நன்மையாகாது.

ஆனால் காத்திருக்க வேண்டிய வேலைகள் எல்லாவற்றையும் நான்கிலும் இப்போதே தொடங்குங்கள். கியர்பாக்ஸ், பின் அச்சு எண்ணெய்களை வடித்துவிடுங்கள். அடியில் தங்கிய தண்ணீர் முதலில் வரும். குறிப்பாக ஃபெர்குசனில் கியர்பாக்ஸும், பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலும், ஹைட்ராலிக் பம்பும் ஒரே எண்ணெயில் முழுகியிருப்பதால், அங்கே நீர் நின்றால் மூன்றும் சேர்ந்தே கெடும். இறுகிப்போன எஞ்சின்களின் உருளைகளில் (சிலிண்டர்களில்) மெல்லிய எண்ணெய் ஊற்றி, வாரக்கணக்கில் ஊறவிட்டு, அவ்வப்போது கையால் இப்படியும் அப்படியும் அசைத்துப் பாருங்கள். இன்னொரு டிராக்டரில் கட்டி இழுத்து இளக்குவது, பேரன்கள் எத்தனை ஆசைப்பட்டாலும், கூடாது. ரேடியேட்டர்களையும் எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் ஃபோர்ட்சனின் மேக்னட்டோவையும் ஒரே தடவையில் வெளிப்பட்டறைகளுக்கு அனுப்பிவிடலாம். அவற்றைக் கழற்றுவதால் வண்டி துண்டாகாது.

இனி ஃபெர்குசன்கள். இரண்டும் ஒரே முகமாக இருப்பதால் ஒன்றின் பாகம் மற்றதற்குப் பொருந்தும் என்று நினைக்கத் தோன்றும். தங்கள் தகடுகள் வேறு கதை சொல்கின்றன. டி.இ. என்பது அமெரிக்கக் காண்டினென்டல் எஞ்சின் பூட்டிய ஆரம்பகால வண்டி. டி.இ.டி.யில் இருப்பது இந்த வண்டிகளைச் செய்த ஸ்டாண்டர்ட் நிறுவனத்தின் சொந்த எஞ்சின். பெட்ரோலில் கிளப்பி, சூடேறியதும் பாரஃபினுக்கு (மண்ணெண்ணெய்க்கு) மாற்றி ஓட்டும் வகை. எனவே பின்பகுதியையும் கலப்பை மாட்டும் மும்முனை இணைப்பையும் பொறுத்தவரை ஒன்றைப் பார்த்து ஒன்றைப் பூட்டலாம், எஞ்சினில் அது நடக்காது. டி.இ.டி.யில் எரியாத பாரஃபின் உருளைச் சுவர் வழியே இறங்கி எண்ணெயை நீர்க்கச் செய்திருக்கக்கூடும் என்பதால், கிராங்கின் (எஞ்சினின் சுழல் தண்டின்) பேரிங்குகளை முதலில் பாருங்கள். இரண்டிலும் எதை முதலில் பிரிப்பது என்று கேட்டால், டி.இ.டி.யைத்தான் சொல்வேன். அது ஓடிய பிறகே டி.இ.யில் கை வைக்க வேண்டும். 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் இந்த வரிசையில் ஐந்து லட்சத்துக்கு மேல் செய்தார்கள். ஆப்பிரிக்கானர் (டச்சு வழிவந்த வெள்ளையர்) பண்ணைகளில் வால்யாப்பி என்று அழைக்கப்படும் இந்த வண்டிக்கு உதிரிபாகம் தேடி அலைய வேண்டியிருக்காது.

ஃபோர்ட்சனை மூன்றாவதாக வையுங்கள். காரணம் அதன் பேரிங்குகள். வெள்ளை உலோகம் என்ற மென்மையான கலவையை உருக்கி ஊற்றிக் கடைந்து எடுக்கும் அந்த வேலையைச் செய்பவர்கள் அருகிவருகிறார்கள். ஆளைத் தேடும் வேலையை இன்றே தொடங்குங்கள். ஆள் உறுதியான பிறகு திறந்தால் போதும்.

லான்ஸைக் கடைசியில் நிறுத்தச் சொல்வது தங்களுக்கு வருத்தமாக இருக்கும். ஏலத்தில் அதைத்தான் ஆசையோடு எடுத்திருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். ஒற்றை உருளை, ஊதுவிளக்கால் தலைக்குமிழைச் சூடேற்றி, ஸ்டியரிங்கைத் தண்டோடு உருவிப் பறக்கும் சக்கரத்தில் (ஃப்ளைவீலில்) செருகிச் சுழற்றிக் கிளப்பும் அழகு யாரையும் மயக்கும். ஆனால் அது டூ-ஸ்ட்ரோக் எஞ்சின். எந்தத் திசையிலும் சுழலத் தொடங்கிவிடும். திசையைப் பார்க்காமல் கியர் போட்டால் முன்னே போக வேண்டிய வண்டி பின்னே பாயும். ஃபெர்குசனில் கை பழகிய பிறகு பேரன்களை அதனருகே விடுங்கள். தவிர அது மில்லிமீட்டர் அளவில் செய்த ஜெர்மானிய வண்டி, மற்றவை அங்குல அளவு. போல்ட்டுகள் ஒரே பெட்டியில் கலந்தால், ஏறாத மரையில் வலிந்து ஏற்றி வார்ப்பிரும்பைக் கெடுப்பதில்தான் முடியும். வண்டிக்கொரு நிறத் துணி கட்டிய பெட்டிகளை வைத்து, அவற்றின் பொறுப்பைப் பேரன்களிடம் ஒப்படையுங்கள்.

சாயத்தை மட்டும் இரண்டு ஃபெர்குசன்களுக்கும் ஒரே நாளில் அடிக்கலாம். ஒரே கலவையில் அடித்தால்தான் சாம்பல் நிறம் ஒத்துவரும். அதுவும் இரண்டும் ஓடி, எண்ணெய்க் கசிவு நின்ற பிறகு.