யாக் மாட்டைத் தின்றா காப்பாற்றுவது?

அன்புள்ள ஐயா,

அருணாச்சலத்தின் திராங் பற்றிய உங்கள் பயணக் குறிப்பை வாசித்தேன். அதில் ஒரு வரி உறுத்திக்கொண்டே இருக்கிறது. இமயமலைச் சடைமாடான யாக்கை உணவு விலங்குப் பட்டியலில் சேர்த்தது நல்ல செய்தி என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எண்ணிக்கை குறைந்துவரும் ஒரு மாட்டை அறுக்க அனுமதி கொடுப்பது எப்படி நல்ல செய்தி ஆகும்? எங்கள் வீட்டில் இரண்டு காங்கேயம் மாடுகள் நிற்கின்றன. கணக்குப் பார்த்தால் நஷ்டம்தான். ஆனாலும் அப்பா விற்க மாட்டார், பாசம். யாக்கையும் அரசே ஒரு பண்ணையில் வைத்துப் பராமரிக்கலாமே? விந்தை உறையவைத்துச் சேமிக்கிற காலத்தில் இது என்ன பெரிய காரியம்?

இன்னொன்று. யாக்தான் நம்முடைய கவரிமான் என்கிறார்களே, சரியா?

எஸ்., பவானி

அன்புள்ள எஸ்.,

அந்த வரியைப் போகிற போக்கில் எழுதியது என் தப்பு. அங்கே கொஞ்சம் நின்றிருக்க வேண்டும்.

உலகத்தில் யாக்குக்குப் பஞ்சம் இல்லை. ஒரு கோடிக்கு மேல் இருக்கின்றன, பத்தில் ஒன்பதுக்கு மேல் சீனாவில். தேய்ந்துகொண்டிருப்பது இமயத்தின் இந்தப் பக்கம். 2012 கால்நடைக் கணக்கெடுப்பில் இந்தியாவில் சுமார் 77,000 யாக்குகள். 2019-இல் 58,000. ஏழே வருடத்தில் நாலில் ஒன்று போய்விட்டது. ஏதோ நோய் வந்து வாரிக்கொண்டு போகவில்லை. வளர்ப்பவர்கள் ஒவ்வொருவராக விட்டுவிடுகிறார்கள், அவ்வளவுதான்.

அருணாச்சலத்தின் மேற்கு காமெங், தவாங் பகுதிகளில் யாக் மேய்ப்பவர்கள் புரோக்பாக்கள், மோன்பா மக்களில் ஒரு பிரிவினர். கோடையில் மந்தையோடு பத்தாயிரம் அடிக்கு மேலே போய்விடுவார்கள். பனி விழத் தொடங்கும்போது இறங்குவார்கள். நான் போனது அக்டோபரில். சேலா கணவாய்க்குப் போகிற வழியில் ஒரு சரிவில் கூடாரம் போட்டிருந்த ஒருவரிடம் ஓட்டுநர் அழைத்துப் போனார். ஐம்பது வயதிருக்கும். தலையில் யாக் முடியை அழுத்திச் செய்த கறுப்புத் தொப்பி, அதிலிருந்து ஐந்து வால்கள் தொங்கின. மழைநீர் முகத்தில் வழியாமல் அந்த வால்கள் வழியே சொட்டிவிடுமாம். என் இந்தி அரைகுறை, அவருடையது எனக்கு மேல் அரைகுறை. நடுவில் ஓட்டுநர்.

மாடுகளைக் கூப்பிடச் சொன்னேன். அவர் பெயர் சொல்லியோ விசில் அடித்தோ கூப்பிடவில்லை. மடியிலிருந்து ஒரு பிடி உப்பை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றார். புதருக்குப் பின்னாலிருந்து ஒவ்வொன்றாக வந்தன. என் கையிலும் கொஞ்சம் உப்பைக் கொட்டினார். நாக்கு அரம் மாதிரி இருந்தது. யாக் நம் மாடு மாதிரி ‘அம்மா’ என்று கத்தாது, அடித்தொண்டையில் உறுமும். பக்கத்தில் நின்று கேட்டால் யாரோ பெரியவர் முனகுவது போல இருக்கும்.

எத்தனை உருப்படி என்று கேட்டேன். சிரித்துவிட்டுப் பதில் சொல்லவில்லை. நம் ஊரிலும் ஆட்டுக்காரரிடம் எண்ணிக்கை கேட்கக்கூடாது அல்லவா, அதை மறந்துவிட்டேன். ஆனால் கவலையைச் சொன்னார். மூத்த மகன் சுமோ ஓட்டுகிறான். இளையவனுக்குச் சாலைப் பணியில் தினக்கூலி. இரண்டு பேருக்கும் இந்தக் கூடாரத்தில் ஒரு ராத்திரி தங்கப் பொறுமை இல்லை. “இவற்றை யாருக்கு விட்டுப் போவது?” என்றார். இதை அவர் இந்தியிலேயே சொன்னார், எனக்கே புரிந்தது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். பெண் யாக் நாளுக்கு ஒரு லிட்டர் பால் கொடுத்தாலே அதிகம். கொழுப்பு மட்டும் ஆறு, ஏழு சதவீதம் இருக்கும். கன்று பெரும்பாலும் இரண்டு வருடத்துக்கு ஒன்று. ஆண் யாக் சுமை தூக்கியது, அதுதான் அதன் சோறு. மலைமேல் சாலை போட்டார்கள், லாரி வந்தது, சுமை போயிற்று. டிராக்டர் வந்தபிறகு நம் ஊர்க் காளைக்கன்றுகள் எங்கே போயின என்பது உங்கள் அப்பாவுக்குத் தெரியும். அதே கதைதான். விற்கவும் வழியில்லாமல், சுமக்கவும் வேலையில்லாமல் ஒரு மந்தையில் பாதியை எவ்வளவு நாள் பாசத்துக்காக வைத்திருப்பது? உங்கள் வீட்டில் இரண்டு. அவரிடம் குறைந்தது ஐம்பதாவது இருக்கும், உப்புக்கு வந்ததை நான் எண்ணினேன்.

2022-இல் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் யாக்கை உணவு விலங்காக ஏற்றபோது, அதை ஏதோ கசாப்புக் கடைக்கான உரிமமாகச் சிலர் பார்த்தார்கள். அதற்கு விண்ணப்பித்ததே திராங்கில் இருக்கும் தேசிய யாக் ஆராய்ச்சி மையம்தான். 1989-இல் யாக்கைக் காப்பதற்கென்றே தொடங்கிய நிறுவனம் அது. அந்த ஏற்பு வந்தால்தான் பாலையும் இறைச்சியையும் முறையாகப் பதப்படுத்தி வெளிச்சந்தைக்குக் கொண்டுபோக முடியும். மறுவருடமே அருணாச்சல யாக் சுர்ப்பிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. சுர்ப்பி என்பது பாலாடைக்கட்டி. அந்தக் கூடாரத்தில் கட்டிக் காயவைத்ததில் ஒரு துண்டு கொடுத்தார்கள். அரை மணி நேரம் வாயில் வைத்திருந்தேன், மசியவில்லை. கடித்துப் பார்க்கும் துணிச்சல் எனக்கு வரவில்லை, பல் நாற்பது வயதைத் தாண்டியது. நேபாளத்திலிருந்து இதே சங்கதி நாய் கடிப்பதற்கென்று அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறுகிறது. கேட்டால் சிரிப்பு வரும், ஆனால் அந்த நாய்கள் சில மந்தைகளுக்குச் சோறு போடுகின்றன.

அரசுப் பண்ணை இருக்கிறது. நியூக்மாடுங்கில் மையத்தின் பண்ணை நடக்கிறது. உறைவிந்து, கரு மாற்று எல்லாம் செய்துவிட்டார்கள். அது தேவைதான், மறுக்கவில்லை. 1962 போருக்குப் பிறகு எல்லை அடைபட்டது. அதுவரை திபெத்திலிருந்து புது ரத்தமாக வந்துகொண்டிருந்த பொலிகாளைகள் நின்றுபோயின. ஒரே மந்தைக்குள் சேர்ந்து சேர்ந்து கன்றுகள் மெலிந்தன. அதற்கு ஆய்வகம் மருந்து வைத்திருக்கிறது. ஆனால் எந்தப் புல்வெளிக்கு எந்த மாதம் ஏற வேண்டும், எந்த ஓடையை எப்போது கடக்கக்கூடாது என்பதை நைட்ரஜன் குடுவையில் உறையவைக்க முடியாது. பதின்மூன்று டிகிரியைத் தாண்டினாலே யாக்குக்கு மூச்சு வாங்கத் தொடங்கிவிடும். கீழே கட்டிப்போட்டு வளர்க்கிற மாடில்லை அது. மேலே கூட்டிப்போக ஆள் வேண்டும். ஆளுக்குச் சம்பாத்தியம் வேண்டும்.

மேலே போனாலும் பிழைப்பு லேசில்லை. 2018 டிசம்பரில் வட சிக்கிமில் தொடங்கிய பனி மாதக்கணக்கில் விடவில்லை. முகுத்தாங் பள்ளத்தாக்கிலும் யும்தாங்கிலுமாகச் சுமார் 300 யாக்குகள் புல் இல்லாமல் பட்டினியில் செத்தன. மே மாதம்தான் போய்ச் சேர்ந்து பார்த்தார்கள். அப்படி ஒரு குளிர்காலம் வந்தால் எந்த மகன் தொழிலுக்குத் திரும்புவான்?

சந்தை வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. விலை ஏறினால் கூடுதல் பாலுக்காக மாட்டோடு இனக்கலப்பு செய்வது இன்னும் கூடலாம். ‘சோமோ’ என்று அந்தக் கலப்புப் பசுவுக்குப் பெயர். தாழ்வான இடத்தையும் தாங்கும், பாலும் அதிகம் தரும். புரோக்பாவிடம் போய் அதை வளர்க்காதே என்று சொல்ல எனக்கு வாய் வராது. இந்த இடத்தில் எனக்கே தெளிவில்லை.

சரி, கவரிமான். யாக்தான், ஆனால் மான் இல்லை. குறளில் இருப்பது ‘கவரிமா’, மா என்றால் விலங்கு. எங்கோ ஒரு கையில் ‘ன்’ ஒட்டிக்கொண்டது. புறநானூற்றிலும் கவரி மேய்வது இமயத்தில்தான், நரந்தம்புல்லைத் தின்று சுனைநீர் குடிக்கிறது. மயிர் போனால் உயிர் வாழாது என்பதைப் பற்றி அந்தப் பெரியவரிடம் கேட்டேன். ஓட்டுநர் மொழிபெயர்த்து முடிப்பதற்குள் அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கோடைத் தொடக்கத்தில் வருடாவருடம் அவர்தான் முடி கத்தரிக்கிறார். மானம் போயிற்று என்று எதுவும் செத்ததில்லையாம். நடுக்குளிரில் கத்தரித்தால் சாகுமா என்றேன். “அது மாட்டின் தப்பா, கத்தரித்தவன் தப்பா?” என்றார்.

கோயிலில் சாமிக்கு வீசுகிற வெண்சாமரமும் இதன் வால்முடிதான். கவரி வீசுவது என்று நாம் சொல்வது அதைத்தான். இப்போது பல இடங்களில் நைலான் வந்துவிட்டது. உங்கள் ஊர்ச் சங்கமேசுவரர் கோயிலில் எது என்று பாருங்கள். உதிர்ந்து கிடக்கும் ஓர் இழையை எடுத்து நெருப்பில் காட்டினால் போதும். கருகி முடிநாற்றம் அடித்தால் யாக், உருகிச் சுருண்டால் நைலான். அர்ச்சகரிடம் கேட்டுவிட்டு எடுங்கள்.